வாட் மட்டும் போதாது, மணிக்கணக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த ‘எந்தச் சாதனம் எத்தனை வாட்’ பட்டியலை என் மாமனார் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். அயர்ன் பாக்ஸ் 1000 வாட், தையல் மெஷின் மோட்டார் 100 வாட் என்ற இரண்டு வரிக்கும் அடியில் சிவப்புக் கோடு வேறு. நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். கரண்ட் பில் ஏறினால் எல்லார் கண்ணும் என் மெஷின் பக்கம்தான் திரும்பும். இந்தத் தடவை அச்சில் வந்த சாட்சியும் சேர்ந்துகொண்டது.

பட்டியலில் தப்பு ஏதும் இல்லை, ஆனால் பாதிக் கணக்குதான் இருக்கிறது. ஒரு சாதனம் ஓடும்போது மின்சாரத்தை எந்த வேகத்தில் இழுக்கிறது என்பதுதான் வாட். பில்லில் வருவதோ யூனிட். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட். எவ்வளவு நேரம் ஓடும் என்று சொல்லாமல் வாட்டை மட்டும் போடுவது, துணியின் அகலமான பன்னாவைச் சொல்லிவிட்டு எத்தனை மீட்டர் துணி என்று சொல்லாமல் விடுவது மாதிரி.

சரி, வாய் வார்த்தை எதற்கு, அளந்தே பார்த்துவிடலாம் என்று மீட்டர் முன்னால் நின்றேன். எங்கள் மீட்டரின் முகப்பில் 3200 என்று ஓர் எண் இருக்கிறது. அதிலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். (வேறு மீட்டர்களில் இந்த எண் மாறும்.) 1000 வாட் ஓடினால் ஒரு மணி நேரத்தில், அதாவது 3600 நொடியில், 3200 மின்னல்; 1.125 நொடிக்கு ஒன்று. அந்தக் கணக்குப்படி, இரண்டு மின்னலுக்கு நடுவே உள்ள நொடிகளால் 1125-ஐ வகுத்தால் வாட் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் செல்போனில் நொடி எண்ணினாள்.

முதலில் வீட்டில் லைட், ஃபேன் சுவிட்சை எல்லாம் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினோம். அப்படியும் விளக்கு 45 நொடிக்கு ஒரு தடவை மின்னியது. அதாவது 25 வாட். ரிமோட்டில் மட்டும் அணைத்திருந்த டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி மூன்றும் சேர்ந்து இழுத்தது அது. இப்படியே இரவு பகலாகக் கிடந்தால் 30 நாளில் 18 யூனிட்! மூன்றையும் பிடுங்கிய பிறகுதான் மீட்டர் அடங்கியது.

அப்புறம் என் மெஷின். பெடலை விடாமல் மிதித்தபோது 13 நொடிக்கு ஒரு மின்னல், சுமார் 86 வாட். நான் ஆறு மணி நேரம் மெஷின் முன் உட்கார்ந்தாலும் பெடலில் கால் இருப்பது இரண்டு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் வெட்டுவது, பிரிப்பது, கொக்கி வைப்பது, காஜா எடுப்பது. ஆக ஒரு நாளைக்கு 0.17 யூனிட். அயர்ன் பாக்ஸும் சூடேறியதும் தானாக அணைந்து அணைந்துதான் எரிகிறது. 1000 வாட் விடாமல் எரிந்தால் கால் மணி நேரத்தில் 800 தடவை மின்ன வேண்டிய விளக்கு 340 தடவைதான் மின்னியது.

கடைசியாக ஃபிரிட்ஜ். 150 வாட்தான், பட்டியலில் யாரும் கோடு போடாத வரி. ஆனால் கம்ப்ரசர் ஓடி ஓடி நிற்க வேண்டும் அல்லவா? எங்களுடையது நிற்கவே இல்லை. கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து, உள்ளே இருந்த குளிர்ச்சியெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. நாள் முழுக்க ஓடியதில் 3.6 யூனிட். என் மெஷின் ஒரு நாளில் இழுப்பதை அது ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் இழுத்திருக்கிறது. ரப்பரை மாற்றிய பிறகு எண்ணியதில் நாளுக்கு 1.6 யூனிட்டாக இறங்கியிருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது வாட்டுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் சேருங்கள்: ஒரு நாளில் உண்மையாக ஓடும் நேரம், அதனால் ஆகும் யூனிட். ஓடும் நேரம் வீட்டுக்கு வீடு மாறும், அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டாலும் சரி, நாங்களே நிரப்பிக்கொள்கிறோம். வாட் வரிசையில் முதலில் நிற்கும் சாதனம், யூனிட் வரிசையில் பல வீடுகளில் பின்னால் போய்விடும்.

மாமனார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்றுப் பார்த்தேன், ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் உங்கள் பட்டியலில் ஃபிரிட்ஜ் என்ற வரிக்கும் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
தையல் வேலை செய்யும் ஒரு வாசகி