ரீபோர் செய்த எஞ்சினில் ஆயில் அழுத்தம் நிற்கவில்லை: அளந்து காட்டிச் சரிசெய்து தரக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர், எஞ்சின் ரீபோர் பிரிவு

பொருள்: அம்பாசடர் கார், 1984 மாடல், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் – குறைபாடுள்ள வேலை குறித்து.

ஐயா,

தங்கள் பட்டறையில் முழுவதும் பிரித்து, ரீபோரும் (சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்குதல்) கிராங்க் கிரைண்டிங்கும் (கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்குதல்) முடித்துத் தந்த என் எஞ்சினில், சூடேறியதும் ஆயில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம்) காட்டுகிறது. அரை மணி நேரம் ஓடிய பின் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) 4. வேகத்தை 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினாலும் 12-ஐத் தாண்டுவதில்லை. ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐயாவது வேண்டும் என்பது மெக்கானிக்குகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பழைய எஞ்சினே இதைவிட நன்றாக இருந்தது.

"ரேஸ் செய்தால் விளக்கு அணைகிறதே, பிறகென்ன?" என்று தங்கள் போர்மேன் கேட்டார். அந்த ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கின் ஸ்விட்ச் ஏறத்தாழ 5 முதல் 7 பிஎஸ்ஐ வந்தாலே அணைந்துவிடும். அது அணைவதால் பேரிங்குகளுக்குப் போதிய ஆயில் போகிறது என்று ஆகாது. நான் சொல்லும் அளவுகள் மெக்கானிக்கல் கேஜ் பொருத்திப் பார்த்தவை. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றும் சொன்னார். பிஸ்டன் ரிங் ஓட ஓடப் படியும், உண்மைதான். தண்டுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி ஓட ஓடக் கூடுமே தவிரக் குறையாது. புதிதாகக் கட்டிய நாளில்தான் அழுத்தம் மிக அதிகமாக இருக்க வேண்டும். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னிடம் இப்படிச் சொல்லி அனுப்பியது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

பிறகு நடந்தவற்றையும் பதிவு செய்கிறேன். 20W-50 ஆயிலை வடித்துவிட்டு அதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றினீர்கள். சூடான பின் ஒன்றிரண்டு பிஎஸ்ஐதான் கூடியது. என் செலவில் புது ஆயில் பம்ப் போட்டீர்கள், மாற்றமில்லை. கடைசியாக, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைச் சொருகினீர்கள். குளிர்ந்த நிலையில் 75 ஆனது. சூட்டில் கொஞ்சமும் கூடவில்லை. ரிலீஃப் வால்வு அழுத்தத்தின் உச்சவரம்பை மட்டுமே தீர்மானிக்கிறது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அது மூடித்தான் இருக்கும். அந்த வாஷரால் ஒரு பயனும் கிடையாது, குளிர்ந்த எஞ்சினில் பம்புக்குத்தான் கூடுதல் சுமை.

பம்ப் தள்ளும் ஆயில் எதிர்ப்பைச் சந்தித்தால்தான் அழுத்தம் உண்டாகும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அழுத்தம் நன்றாக நின்று, இளகியதும் விழுகிறது என்றால், அது எங்கோ அகலமான இடைவெளி வழியாக வழிந்தோடுகிறது. ஆயில் வழியை அடைக்கும் கேலரி பிளக் விடுபட்டிருந்தாலோ ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தாலோ காலையில் 60 வந்திருக்காது. ஆயிலில் நுரையில்லை, ஆகவே உறிஞ்சும் குழாயில் காற்று புகவில்லை. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடையும் இல்லை, அளவும் ஏறவில்லை. ஆகவே பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துப்போகவில்லை. மிஞ்சுவது கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங், கனெக்டிங் ராடைக் கிராங்கோடு இணைக்கும் பிக் எண்ட் பேரிங், வால்வுகளை இயக்கும் தண்டைத் தாங்கும் கேம்ஷாஃப்ட் புஷ் ஆகிய மூன்றுதான்.

இந்த எஞ்சினின் மெயின் ஜர்னல் (மெயின் பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) விட்டம் 2 அங்குலம். அதற்கு ஏறத்தாழ இரண்டு தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி போதும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். கிரைண்டிங்கில் ஒரு தவ் கூடுதலாக எடுத்துவிட்டாலே போதும், மற்றதெல்லாம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. பில்லில் 20 அண்டர்சைஸ் (20 தவ் தேய்த்த ஜர்னலுக்கான) பேரிங் செட்டுக்கும் கிரைண்டிங்குக்கும் பணம் வாங்கியிருக்கிறீர்கள். கேம்ஷாஃப்ட் புஷ் என்ற வரியே அதில் இல்லை. மூன்று புஷ்களும் பழையவை என்றே கருதுகிறேன். புதிதாக அடித்து ரீமரால் துளையைச் சரியளவாக்க வேண்டிய வேலை அது. நேரம் பிடிக்கும் என்று விட்டுவிட்டீர்களா? ஜர்னல் அளவுகளை எழுதிய தாளைக் கேட்டேன். இதுவரை தரவில்லை. அளந்திருந்தால் அந்தத் தாள் இருக்க வேண்டும்.

இரண்டாம் முறை மாற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்ததில் பளபளக்கும் உலோகத் துகள்கள் கிடந்தன; பேரிங் தேய்கிறது என்றே கருதுகிறேன். அன்றிலிருந்து காரை ஓட்டாமல் நிறுத்திவிட்டேன். இனியும் ஓட்டினால் கிரைண்டிங் செய்த கிராங்கே வீணாகிவிடும்.

ஆகவே, தங்கள் செலவில் காரை எடுத்துச் சென்று, என் முன்னிலையில் எஞ்சினை இறக்கிப் பிரித்து, ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரிலும் பேரிங் பொருத்திய உள்விட்டத்தைப் போர் கேஜிலும் அளந்து எழுதித் தர வேண்டும். கேம்ஷாஃப்ட் புஷ்களையும் அவ்வாறே அளக்க வேண்டும். அளவு தவறியவற்றைக் கூலி, உதிரிபாகம் எதுவும் வாங்காமல் மாற்றி, துகள் புகுந்த ஆயில் வழிகள் முழுவதையும் பிளக்குகளைக் கழற்றிக் கழுவித் தர வேண்டும். தேவையின்றி வாங்கவைத்த பம்பின் விலையையும் திருப்பித் தர வேண்டும். உத்தரவாதக் காலம் மறுவேலை முடியும் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். பில் நகலும், கேஜ் அளவுகளின் புகைப்படங்களும் இணைத்துள்ளேன். வெட்டிய ஃபில்டர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அளவெடுக்கும் நாளில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்