முதலாமாண்டு தம்பி, தங்கைகள் கவனத்துக்கு

சென்னைக்குப் புதிதாகப் படிக்க வந்திருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். நான் அதைக் கவனிக்காமல் விட்டு, வங்கிக்கும் கல்லூரிக்குமாக அலைந்தேன்.

தங்கைகளே, மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் உங்களுக்குக் கட்டணம் கிடையாது. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் இருந்தால் தயங்காமல் ஏறுங்கள். நடத்துநர் தரும் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

அறையில் படிக்க முடியவில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் இருக்கிறது. என் முதல் பருவத்து ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் கழிந்தன. ஒருநாள் மதியம் வெளியே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த மதுரைப் பெண் கேட்காமலே தன் ஊறுகாயை எடுத்து வைத்தாள். இன்று அவள்தான் என் அறைத்தோழி.

ராகிங் என்றால் வாய்மூடி இருக்காதீர்கள். 1800-180-5522, கட்டணமில்லா எண், 24 மணி நேரமும் இயங்கும்.

ராத்திரி வீட்டு ஞாபகம் வந்து அழுகை முட்டினால் இங்கே எழுதுங்கள், எத்தனை மணியானாலும்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நூலக வாசலில் நிற்பேன். வருகிறவர்கள் பெயரைப் போடுங்கள்.