சேகருக்கு, மாக்ஸா சூடு பற்றி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரந்தவறாமல் போடச் சொல்.

சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகளின் தூக்கத்துக்காகச் சீன மருத்துவத்தில் கொடுக்கும் சூட்டு வைத்தியத்தில் எது நம் வார்டுக்கு ஆகும் என்று கேட்டிருந்தாய். சூடு ஆகும், புகை ஆகாது. என் முடிவு இதுதான்.

மாக்ஸா என்பது மூலிகைச் சுருட்டைக் கொளுத்தி, அதன் கனலைத் தோலருகே காட்டும் சீன வைத்தியம். அது என்ன, நேற்று முளைத்ததா? 1973-இல் சீனாவின் சாங்ஷா நகரில் மாவாங்துவிக் கல்லறையிலிருந்து எடுத்த பட்டுச் சுவடிகள் கி.மு. 168-இல் புதைக்கப்பட்டவை. அவற்றிலுள்ள நாடிப்பாதை (உடலில் உயிர்ச்சக்தி ஓடுவதாகச் சொல்லும் வழிகள்) நூல்களில் சூடு வைக்கத்தான் சொல்லியிருக்கிறது, ஊசி இல்லை. மூலிகை நம் மாசிபத்திரியின் இனம். ஹூபெய் மாகாணத்து சீச்சுன் சரக்குக்குத்தான் மவுசு. இலையைக் காயவைத்து இடித்துச் சலித்தால் மிஞ்சும் பஞ்சை, 20 செ.மீ. நீளம், சுமார் 1.8 செ.மீ. தடிமனில் காகிதத்தில் சுருட்டுகிறார்கள். பழைய இலையில் எண்ணெய் குறைந்திருக்கும், அதனால் கனல் நிதானமாக இருக்கும். புது இலை சுள்ளென்று எரியும்.

கனல் முனையைத் தோலிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்துக்கு 10 முதல் 15 நிமிடம். தோல் இளஞ்சிவப்பானால் போதும். உணர்ச்சி மங்கியவருக்கு, சூடு காட்டும் இடத்தின் இருபுறமும் உன் விரல்களை வைத்துக்கொள். உன் விரல் சுட்டால் அவருக்கும் சுடுகிறது. சாம்பலை அடிக்கடி தட்டாவிட்டால் கங்கோடு மேலே விழும். முடிந்ததும் மணலில் தலைகீழாகச் செருகி வை. அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

தூக்கத்துக்கு வழக்கமான புள்ளிகள்: யோங்சுவான், கால்விரல்களை மடக்கினால் உள்ளங்காலின் முன்பக்கம் குழிவிழும் இடம், சான்யின்ஜியாவ், உள்கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, எலும்பை ஒட்டி (விரல் நோயாளியுடையது, உன்னுடையது அல்ல). நுரையீரலுக்கு ஃபெய்ஷூ, மூன்றாம் மார்பு முதுகெலும்பின் முள்ளுக்குக் கீழ் மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஒன்றரை கட்டைவிரல் அகலம் தள்ளி. புத்தகம் குப்புறப் படுக்கச் சொல்லும். மூச்சுத் திணறுகிறவரைக் குப்புறப் போட்டால் இரண்டே நிமிடத்தில் எழுந்துவிடுவார். மேசைமேல் தலையணை போட்டு, முன்சாய்ந்து, முழங்கையை ஊன்றி உட்காரட்டும். மூச்சுக்கும் அதுதான் சௌகரியம்.

இனி புகை. நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தது அது. ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் மூச்சுக்குழாய்க்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம். கரியாக்கிய ‘புகையில்லா’ சுருட்டில் கண்ணுக்குப் புகை தெரியாது, மோனாக்சைடு இருக்கும். ஆக்சிஜன் வைத்திருப்பவர் அறையில் எந்த நெருப்பும் கூடாது. குழாயை மூடிய பிறகும் துணியிலும் போர்வையிலும் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், ஒரு பொறி போதும்.

ஆகவே நான் முதலில் சொல்வது பாதக் குளியல். 40 முதல் 42 டிகிரி வெந்நீர், கையால் பார்க்காதே, தெர்மாமீட்டர் போடு. கணுக்காலுக்கு மேல் நீர், 20 நிமிடம், படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்னால். பாதத்து ரத்தக் குழாய்கள் விரிந்து உடல் வெப்பத்தை வெளியே தள்ளுகின்றன. உள்வெப்பம் இறங்கும்போது தூக்கம் வருகிறது. வெந்நீரிலிருந்து நேரே படுக்கைக்குப் போனால் அந்த இறக்கத்துக்கு நேரம் கிடைக்காது. மூடிய குளியலறையில் வேண்டாம், ஆவியில் மூச்சு முட்டும். சட்டென எழுந்தால் தலைசுற்றும். சர்க்கரை நோயில் பாதம் மரத்தவருக்கும் காலில் ரத்தவோட்டம் குறைந்தவருக்கும் இது கிடையாது. இஞ்சி, மாசிபத்திரி போடுகிறார்கள். போடட்டும், வேலை செய்வது வெந்நீர்தான் என்பது என் எண்ணம்.

முதுகுக்கு, வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம். முதியவருக்கு 50 டிகிரிக்கு மேல் போகாதே. தொடக்கத்தில் ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இரு, ஆறிய பிறகு வைக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவர் தோல் வெங்காயச் சருகு மாதிரி, லேசில் கொப்புளிக்கும். வெந்நீர்ப் பையோடு தூங்கவிடாதே. 44 டிகிரியே ஆறு மணி நேரம் பட்டால் தோல் வெந்துவிடும். காய்ச்சல், சளியில் ரத்தம் இருந்தால் சூடே வேண்டாம்.

சூடு கொடுக்கும் முன் மருந்துச் சீட்டைப் பார். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ராத்திரியில் விழுங்குகிறவருக்கு எந்தச் சூடும் தூக்கம் தராது, அதைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேள். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலினும் தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் தலைவலி, பகலில் அசத்தல், ராத்திரி பெருங்குறட்டை என்றால் கார்பன் டையாக்சைடு தேங்குகிறதா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்து, ஒத்தடம் கண்துடைப்பு.

சீன ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்று கவனி. தனக்குச் சூடு கொடுக்கிறார்கள் என்பது நோயாளிக்குத் தெரியும், மறைக்க வழியில்லை. அளவுகோலும் பெரும்பாலும் தூக்கத்தின் தரத்தை அளக்கும் பிட்ஸ்பர்க் வினாத்தாள், அவரே சொல்லும் பதில்தான். 0 முதல் 21 வரை, 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை. அது கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பது. நீ வார்டில் தொடங்கினால் முதல் நாள் ஒன்று, மாதம் முடிந்து ஒன்று எடு. வாராவாரம் நிரப்பச் சொல்லி அவர்களைப் படுத்தாதே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு