பச்சைக் கரடி

அங் மோ கியோ,
சிங்கப்பூர்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. கஜா புயலில் விழுந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன என்று எழுதியிருந்தாயே, அதை இவருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை.

போன வாரம் பேரனுக்குப் பள்ளியில் பனிக்கரடி வரையச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கரடியை எப்படி வரைவது என்று என்னிடம் வந்து கேட்டான். "பச்சை தீட்டு, பாட்டி பார்த்த கரடி பச்சையாகத்தான் இருந்தது" என்றேன். நம்பவே இல்லை. உனக்கு நினைவிருக்கும். 2004-ல் உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளுமாக மண்டாய் விலங்குத் தோட்டத்துக்குப் போனோமே. ஷீபாவும் அதன் மகன் இனுக்காவும் பாசி பிடித்த சுவர் மாதிரி நின்றன. பனிக்கரடியின் முடி உள்ளே குழலாக இருக்கும். இந்த ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்தக் குழலுக்குள்ளேயே பாசி வளர்ந்துவிட்டது. "பாவம், இந்தப் புழுக்கத்தில் இதுகளை ஏன் வைத்திருக்கிறார்கள்" என்று பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் நீ சொல்லிக்கொண்டே வந்தாய்.

இனுக்கா 1990 டிசம்பர் 26-ல் இங்கேயே பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி அதுதான். 2018 ஏப்ரலில், 27 வயதில், மூப்பு முற்றி நடக்கவே தவித்தபோது, இனியும் வதைபட வேண்டாம் என்று மருத்துவர்கள் அதை நிரந்தரமாகத் தூங்க வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கே பனிக்கரடி இல்லை. அது நல்லதுதான். ஆனாலும் அன்றைக்கு அழுதேன்.

பேரனுக்குச் சொல்வதற்காகப் படிக்க உட்கார்ந்தவள், நாலு நாளாக அதிலிருந்து எழவில்லை கமலா. கனடாவின் ஹட்சன் விரிகுடா மேற்குக் கரையில் 2016-ல் 842 கரடிகள் இருப்பதாகக் கணக்கிட்டிருந்தார்கள். 2021-ல் அது 618. கடல் உறைந்து கிடக்கும் மாதங்களில்தான் அவற்றுக்குச் சாப்பாடு. சீல் என்ற கடல்நாய் மூச்சுவிட வரும் துளைக்குப் பக்கத்தில் அசையாமல் காத்திருந்து பிடிக்கும். பனி உருகியதும் கரையேறி, உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு கோடையைத் தள்ளும். இப்போது பனி முன்னதாகவே உடைகிறது, தாமதமாக உறைகிறது. பட்டினி நாட்கள் நீள்கின்றன. தாய் இளைத்தால் பால் வற்றும், அப்புறம் குட்டி எப்படித் தேறும்? 1979-லிருந்து வடதுருவப் பகுதி உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வேகமாகச் சூடேறி வருகிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பனி போன இடத்தில் கறுத்த கடல் அந்தச் சூட்டைக் குடித்துக்கொள்ளும். அந்தச் சூடு பக்கத்துப் பனியையும் கரைக்கும். புழுக்கத்தில் பிறந்த ஒரு கரடிக்காக அன்று நாம் வருத்தப்பட்டோம். இன்று அதன் சொந்தங்களின் வீட்டுக்கே சூடு போய்விட்டது.

தென்துருவத்துக் கதை இன்னும் கொடுமை. எம்பரர் பெங்குவின் குளிர்காலத்தில் கடல் பனியின்மேல்தான் முட்டையிடும். ஆண் அந்த முட்டையைப் பாதத்தின்மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வாய் சாப்பிடாமல் இருட்டிலும் பனிக்காற்றிலும் நிற்கும். அப்படிப் பொரித்த குஞ்சுக்கு முதலில் இருப்பது பஞ்சு போன்ற தூவிதான். தண்ணீர் ஒட்டாத இறகு முளைக்க டிசம்பர், ஜனவரி ஆகும். அதுவரை காலடியில் பனி நிற்க வேண்டும். 2022-ல் பெல்லிங்ஸ்ஹாசன் கடற்பகுதியில் அதற்கு முன்பே பனி உடைந்துபோனது. அங்கே இருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில் ஒரு குஞ்சுகூடப் பிழைத்திருக்காது என்கிறார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. உன் வீட்டுப் பச்சைக் குழந்தை நினைவுதான் வந்தது.

மிதக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் உயர்வதில்லை. தே ஓ பெங்கில், அதாவது பாலில்லாத ஐஸ் தேநீரில், ஐஸ் கரைந்து கோப்பை வழிந்ததை நாம் பார்த்ததில்லையே, அதே மாதிரி. நிலத்தின்மேல் இருக்கும் பனிதான் ஆபத்து. கிரீன்லாந்துப் பனி மட்டும் முழுவதும் உருகினாலே கடல் சுமார் 7 மீட்டர் உயரும். ஒரே நாளில் நடப்பதல்ல, நூற்றாண்டுகள் ஆகும். ஆனால் தொடங்கிவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். தென்துருவத்துப் பனி அவ்வளவு கனம் என்பதால் கடல்நீரையே தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறதாம். அது கரையக் கரைய இழுப்பு தளர்ந்து, நீர் நம்மைப் போல் தூரத்தில் இருப்பவர்கள் பக்கம் வரும். பூமியின் நடுக்கோட்டில் இருப்பதால் நமக்கென்ன என்று இருக்க முடியாது.

இந்தத் தீவில் சுமார் 30 விழுக்காட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது. 2100-க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024-ல் அரசாங்க ஆய்வு சொன்னது. நாம் சாத்தே சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு எதிரே 'லாங் ஐலண்ட்' என்று சுமார் 800 ஹெக்டேர் நிலத்தை மேடாக எழுப்பத் திட்டமிடுகிறார்கள். இவர்களிடம் பணம் இருக்கிறது. எனக்கு வேதாரண்யம்தான் கவலை. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

கடைசியாக ஒரு வேலை தருகிறேன், மறுக்காதே. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும் உள்ளான்கள் குளிர்காலத்துக்கு உன் கோடியக்கரைக்கு வருகின்றன. இங்கே சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கும் அதே வடக்கிலிருந்து பொன்புள்ளி போட்ட உப்புக்கொத்திகள் வருகின்றன. அங்கே பனி சீக்கிரம் உருகினால் பூச்சிகளும் சீக்கிரம் கிளம்பி அடங்கிவிடும், குஞ்சு பொரிக்கும்போது இரை குறைந்துவிடும். டிசம்பரில் மகனை அழைத்துக்கொண்டு கோடியக்கரைக்குப் போ. எத்தனை பார்த்தாய், எப்படி இருந்தன என்று எழுது. நான் பேரனோடு சுங்கை பூலோவுக்குப் போய்விட்டு உனக்கு எழுதுகிறேன்.

அவன் வரைந்த படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். பச்சைதான் தீட்டியிருக்கிறான்.

அன்புடன்,
சாந்தி