வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவன் சொல்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழில் முதல் கார் வாங்குவோருக்காக ஒரு கட்டுரை வந்தது. மாருதி வாகன் ஆரின் மூன்று தலைமுறைகளையும் எடுத்து, விலை, மைலேஜ், டிக்கி அளவு என்று வரிசையாக ஒப்பிட்டிருந்தார்கள். உழைத்து எழுதிய கட்டுரைதான். ஆனால் கடைசிப் பத்தியில், கடலோரத்தில் ஓடிய வடசென்னை வண்டிகளைத் தவிர்ப்பது நல்லது என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். காலடிப்பேட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த மூன்று தலைமுறைகளும் என் சுத்தியலுக்கு வந்து போனவை.

உப்புக்காற்று உண்டு, மறுக்கவில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி நிற்கும் வண்டிக்கு முதலில் கதவின் அடி விளிம்பு போகும், அப்புறம் பின்சக்கர வளைவு, அப்புறம் ஜாக் வைக்கும் இடம். ஆனால் டிஎன் 03 என்ற வடசென்னைப் பதிவு எண் பலகையில் இருப்பதால் மட்டும் அந்த வண்டி இங்கே நின்றது என்று எப்படிச் சொல்வீர்கள்? பதிவு ஒரு ஊரில், ஓட்டம் இன்னொரு ஊரில் என்பது சென்னையில் சாதாரணம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் தண்ணீரில் மிதந்து அடித்துக்கொண்டு போனதை ஊரே வீடியோவில் பார்த்தது. அது தென்சென்னை. அந்த வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன என்றா நினைக்கிறீர்கள்?

நடப்பது வேறு. முழு இன்சூரன்ஸ் உள்ள வண்டி மூழ்கினால், பழுது பார்க்கும் செலவு வண்டிக்குக் குறித்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், கம்பெனி அதை 'டோட்டல் லாஸ்' என்று கணக்குத் தீர்த்துவிடும். மிச்சமிருக்கும் வண்டி ஏலத்தில் யாருக்காவது போகும். எடுத்தவர் சீட்டைக் கழற்றிக் காயவைப்பார், கார்பெட் மாற்றுவார், புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் கிடைத்த வயரிங்கைப் போடுவார், வாசனை ஸ்ப்ரே அடிப்பார். ஆர்சி புத்தகம் சுத்தமாகவே இருக்கும். அதில் வெள்ளம் என்று எழுத ஒரு கட்டமே கிடையாது.

எங்கள் பக்கம் இன்னொன்றும் நடந்தது. அதே டிசம்பரில் எர்ணாவூர், எண்ணூர் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து தெருவுக்குள் வந்தது. சுத்தத் தண்ணீரில் மூழ்கிய வண்டியையாவது கழுவிக் காயவைக்கலாம். எண்ணெய்த் தண்ணீரில் நின்ற வண்டிக்குக் கீழே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப் போகும். லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் புஷ், கதவு பீடிங், எதைத் தொட்டாலும் கொழகொழ என்று இருக்கும். அந்த எண்ணெய் வாடை மேலே தெரியாது. வெயிலில் அரை மணி நேரம் கண்ணாடியை ஏற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால்தான் தெரியும்.

சரி, தலைமுறை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையாளர் மேலேயிருந்து பார்த்தார், நான் கீழே படுத்துப் பார்த்தவன்.

முதல் தலைமுறை 1999 இறுதியில் வந்தது. 1061 சிசி, நாலு சிலிண்டர் எஞ்சின், டைமிங் பெல்ட். பெல்ட்டை நேரத்துக்கு மாற்றாதவன் நடுரோட்டில் நிற்பான். தகடு எங்கள் கைக்கு இணங்கும், தட்டினால் திரும்பும். ஆனால் இன்று அந்த வண்டிகளில் ஆக இளையதற்கே பதினைந்து வயது ஆகிவிட்டது. ஆர்சி புதுப்பிக்க 5,000 ரூபாய். இருபது வயது தாண்டினால் 2025இல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் பசுமை வரி, எப்சி என்ற தகுதிச் சான்றுக்கு முன் வெல்டிங் செலவு. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வருகிறது. அதை மனதில் வைத்துச் செய்த ரப்பர் குழாய் அந்தக் காலத்து வண்டியில் இல்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும்; அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க்குக்கு அது ஆகாது. அப்பா ஓட்டிய வண்டி என்று வீட்டில் வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். புதிதாகக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

2010 ஏப்ரலில் வந்தது இரண்டாம் தலைமுறை. கே10பி என்ற 998 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின், பெல்ட்டுக்குப் பதில் செயின். மெக்கானிக்குகளுக்குப் பிடித்த எஞ்சின். ஆயில் மட்டும் நேரத்துக்கு மாற்றினால் போதும், பெரிதாகப் படுத்தாது. மூலைக்கு மூலை ஸ்பேர் கிடைக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்றாலும் சூடேறி ஆவி விடாது. இதில் என் குறை ஒன்றே ஒன்று: பெரும்பாலான வண்டிகளில் ஏர்பேக்கும் இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏபிஎஸ்ஸும் இல்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் எண்ணூர் விரைவுச்சாலையில் போகிறவருக்கு இது சின்னக் குறையா? ராயபுரம், வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் நாற்பது தாண்டாமல் ஓட்டுகிறவர் வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் தலைமுறை 2019 ஜனவரியில் வந்தது. இங்கேதான் உங்கள் கட்டுரை முழுதாகச் சறுக்கியது. 2019க்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் ஒரே வண்டியாகக் கட்டிவிட்டார்கள். அப்படி இல்லை. 2019இல் வாங்கியவருக்கு ஏபிஎஸ்ஸும் டிரைவர் பக்க ஏர்பேக்கும் நிச்சயம் உண்டு. பக்கத்து சீட்டுக்கு உண்டா என்பது எந்த வேரியன்ட் எடுத்தார் என்பதைப் பொறுத்தது. 2022 முதல் அரசு விதிப்படி இரண்டு பக்கமும் கட்டாயம். 2023 ஏப்ரல் முதல் வந்தவை இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றவை. 2025இல் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வந்துவிட்டது. வெளியே பார்த்தால் நாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆர்சியில் தயாரித்த மாதம், வருடம் போட்டிருக்கும். தலைமுறையைக் கேட்பதைவிட அதைப் பார்ப்பது உபயோகம்.

டிக்கி 341 லிட்டர், உள்ளே தாராளம், அதெல்லாம் கட்டுரையில் சொன்னது சரி. வண்டி முந்தையதைவிட அகலம், 1620 மில்லிமீட்டர். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பைக் நிற்கும், நடுவில் தண்ணீர் லாரி வரும். நிறுத்த இடம் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு டிங்கராக நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. புது வண்டி பழையதைவிட எடை குறைவு. எடையைக் குறைத்தும் உறுதி போகாமலிருக்க, முக்கியமான இடங்களில் ஹை டென்சைல் ஸ்டீல் போட்டிருக்கிறார்கள். பழைய வண்டி முட்டினால் கேஸ் வைத்துச் சூடாக்கி, இழுத்து, தட்டி நேராக்குவோம். ஹை டென்சைல் தகட்டில் அந்த வேலை ஆகாது. சூடு வைத்தால் அந்த உறுதியே போய்விடும், பார்வைக்கு மட்டும் நேராக இருக்கும். அடிபட்ட பாகத்தை வெட்டி எடுத்து, கம்பெனி சொன்ன இடத்தில் புதுப் பாகத்தை வைத்து ஸ்பாட் வெல்டிங் போட வேண்டும். தெருவோரப் பட்டறை எத்தனையில் ஸ்பாட் வெல்டிங் மெஷின் இருக்கிறது? ஆகவே பெரிதாக அடிபட்டுத் தேறிய 2012 வண்டியைவிட, பெரிதாக அடிபட்டுத் தேறிய 2020 வண்டியைப் பார்த்துத்தான் நான் அதிகம் யோசிப்பேன். புரோக்கர் இதைத் தலைகீழாகச் சொல்வார்.

அடிபட்ட வண்டியா என்று தெரிய, பானெட்டைத் தூக்கி முன்னால் இருக்கும் குறுக்குத் தகட்டைப் பாருங்கள். கம்பெனியில் போட்ட வெல்டிங் வட்டவட்டமாக, ஒரே இடைவெளியில் இருக்கும். கோடாக ஓடினால் எங்கள் ஆள் கை வைத்திருக்கிறான். கதவு கீல் போல்ட்டில் பெயிண்ட் உரிந்திருந்தால் கதவைக் கழற்றியிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி முழுக்க ஓட்டிப் பாருங்கள், பள்ளத்தை நிரப்பப் பட்டி அடித்த இடத்தில் ஒட்டாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெள்ளம் பார்த்த வண்டியில் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும், சீட்டுக்கு அடியில் ரெயிலில் துரு இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பு மதிப்பெண்ணையும் கட்டுரையில் காணோம். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2019இல் மூன்றாம் தலைமுறையை மோதிப் பார்த்தபோது இரண்டு நட்சத்திரம் கிடைத்தது. சோதனையைக் கடுமையாக்கிய பிறகு 2023இல் பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்குப் பூஜ்யம். வண்டிக் கூடும் உறுதியில்லை என்றார்கள். ஆறு ஏர்பேக் வருவதற்கு முன்பு நடந்த சோதனை அது. ஏர்பேக் அதிகமானதால் வண்டிக் கூடும் உறுதியாகிவிட்டது என்று யாராவது ஷோரூமில் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு பொதுவான ஏமாற்று, 'கிலோமீட்டர் கம்மி' என்பது. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின் எங்கள் பக்கம் நிறையப் பேர் காரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் எடுக்கிறார்கள். அப்படியானால் அது ஓடவில்லை, உப்புக்காற்றில் நின்றிருக்கிறது. பிரேக் டிரம் துருப்பிடிக்கும், பேட்டரி போகும், பெருச்சாளி வயரைக் கடிக்கும். வடசென்னைப் பெருச்சாளிக்கு பிஎஸ்4, பிஎஸ்6 என்ற புகை விதி வித்தியாசம் எல்லாம் ஒன்றுதான். அதேபோல டி போர்டில், அதாவது வாடகை வண்டியாக ஓடிவிட்டு, ஓன் போர்டுக்கு, அதாவது சொந்த உபயோகத்துக்கு மாறிய வண்டியும் வரும். ஸ்டியரிங், கியர் நாப், டிரைவர் பக்கத்துப் பெடல் ரப்பர் மூன்றும் தேய்ந்திருந்து, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ஐந்து லட்சம் வரை புரட்ட முடிகிறவர் பழையது பக்கமே போக வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அப்போது வாகன் ஆரின் ஆரம்ப ஷோரூம் விலை ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. வாழ்நாள் வரி, இன்சூரன்ஸ் சேர்ந்தால் ஆறை நெருங்கும், மிச்சத்துக்குக் கடன் வாங்கலாம். அப்படியிருக்க 2021 மாடலுக்கு இன்னும் நாலரை கேட்கும் புரோக்கர்களுக்கு ஜிஎஸ்டி குறைந்த செய்தி எட்டவில்லை போலிருக்கிறது. கையில் இரண்டரை, மூன்றுதான் என்றால், ஒரே ஓனர் வைத்திருந்த, ஏர்பேக் உள்ள பிற்பகுதி இரண்டாம் தலைமுறையைத் தேடுங்கள். அது எந்த எண் பலகையில் இருந்தாலும் சரி, லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்த்துவிட்டு எடுங்கள்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை உண்டு, அதைத் தாங்கள் வெளியிட வேண்டும். பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரி ஆர்டிஓவிடம் அங்கீகாரம் பெற வேண்டும், கைக்கு வந்த வண்டியை 'வாகன்' என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும் என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு வண்டியை டோட்டல் லாஸ் என்று தீர்க்கும்போதே அதையும் அதே தளத்தில் ஏற்றச் செய்தால் என்ன? வெள்ளமா, விபத்தா, எந்தத் தேதி, இவ்வளவு போதும். வாங்குபவர் வண்டி எண்ணைத் தட்டினால் கடன் பாக்கி தெரிவதுபோல இதுவும் தெரிய வேண்டும். ஓட்டுநர் உரிமம் முதல் பெயர் மாற்றம் வரை எல்லாவற்றையும் ஆன்லைனில் கொண்டுவந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

அது வரும்வரை, விற்பவரிடம் பழைய பாலிசி நகல்களைக் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண் சொல்லி, செய்த வேலைகளின் பட்டியலை ஓனரை வைத்தே வாங்குங்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் ஒட்டிய மாதங்களில் என்ன பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தர மறுப்பவரிடம் பேரம் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறைக்காரர் ஒருவர்,
காலடிப்பேட்டை, சென்னை - 19