வித்தை பிரேக்கில்தான்

அன்புள்ள செல்வா,

முழங்கால் வலி குறைந்து நடமாடத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

"கார் பந்தயத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவதில் அப்படி என்னடா கஷ்டம்?" என்று கேட்டிருந்தாயே. மிதிப்பது யாருக்கும் வரும். பிரேக்கை எப்போது, எவ்வளவு விடுவது என்பதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள்.

ஃபார்முலா 1 காரையே எடுத்துக்கொள். 300 கிலோமீட்டர் வேகத்தில் காற்று காரைத் தரையோடு அமுக்குகிறது. அந்த நேரம் டயருக்கு அபாரப் பிடி. பிரேக்கை ஓங்கி மிதிக்கலாம். வேகம் பாதியானால் அந்த அமுக்கம் கால்வாசிதான் இருக்கும். கால் அதே பலத்தில் இருந்தால் சக்கரம் சுழலாமல் லாக் ஆகி, டயர் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு சுழற்சிக்கும் கார் அதிரும். சக்கரம் லாக் ஆகாமல் தானே பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் உதவிக்கு வராது, பந்தய விதி விடாது. ஆகவே காலைச் சிறுகச் சிறுகத் தளர்த்தியபடியே வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

இதில்தான் சிக்கல். டயரின் பிடி மாதச் சம்பளம் மாதிரி. வேகத்தைக் குறைக்கவே செலவழித்துவிட்டால் வளைவில் திரும்புவதற்குப் பிடி மிஞ்சாது. பிரேக்கைச் சட்டென்று விட்டால் முன்பக்க பாரம் குறைந்து கார் திரும்ப மறுக்கும். விடாமல் பிடித்திருந்தால் பின்பக்கம் லேசாகிச் சுழன்றுவிடும். எல்லாம் ஓரிரு விநாடிக்குள்! மீட்டரைப் பார்க்க ஏது நேரம்? இடுப்பும் உள்ளங்கையும்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஒரு வளைவு பழகிவிட்டது என்றே வை. பெட்ரோல் கரையக் கரைய கார் லேசாகும், டயர் தேயும். போன சுற்றில் பிரேக் மிதிக்கச் சரியாக இருந்த இடம் இந்தச் சுற்றில் சரியாக இருக்காது. கழுத்து வலியும் வெக்கையும் தனிக் கதை, அதற்கு உடற்பயிற்சி உண்டு.

1988 மொனாக்கோ ஃபார்முலா 1 பந்தயம் நினைவிருக்கிறதா? யார் முன்னால் நின்று கிளம்புவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில், அதே மெக்லாரன் காரில் ஓட்டுநர் சென்னா, சக ஓட்டுநர் புரோஸ்டை விட 1.4 விநாடி வேகம். ஒரே அணி, ஒரே கார், அவ்வளவு வித்தியாசம்! மறுநாள் பந்தயத்தில் ஏகப்பட்ட முன்னிலையோடு தனியாகப் போய்க்கொண்டிருந்த சென்னா 67ஆவது சுற்றில் தடுப்பில் மோதினார். வேகத்தைத் தணித்ததில் கவனம் சிதறியது என்பார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. விளிம்பில் ஓட்டிப் பழகியவருக்கு மெதுவாக ஓட்டுவது வேறு வேலை.

உன் பையன் கம்ப்யூட்டரில் பந்தயம் ஓட்டுகிறான் என்றாயே, அடுத்த முறை அவன் காலைப் பார். பிரேக்கிலிருந்து காலை வெடுக்கென்று எடுக்கிறானா, மெல்ல எடுக்கிறானா என்று எழுது.

அன்புடன்,
மூர்த்தி