சாமி படத்தின் ஓரத்தில் இருந்த பெயர்கள்

கோவில்பட்டி மக்களுக்கும், சிவகாசி, சாத்தூர், எட்டயபுரத்திலிருந்து படம் கொண்டுவந்து தந்த எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் சின்ன ஓவியக் கூடத்தில் பன்னிரண்டு நாள் நடந்த காலண்டர் ஓவியக் கண்காட்சி நேற்று முடிந்தது. இருபதுக்குப் பத்து அடி அறை, நாலு சுவர், நாற்பத்து மூன்று படங்கள். அதில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை. எல்லாம் உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தும் பரணிலிருந்தும் வந்தவை. அதனால்தான் இந்த மடலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதல் நன்றி, தன் பூஜை அறை மீனாட்சி கல்யாணத்தைக் கழற்றித் தந்த செண்பகவல்லி கோயில் தெரு அக்காவுக்கு. அவர் மாமியார் காலத்துப் படம் அது. கண்ணாடி மேல் வைத்த குங்குமம் தடித்துக் காய்ந்து, மீனாட்சியின் நெற்றியே தெரியவில்லை. பின்னால் அட்டையை பூச்சி அரித்திருந்தது. பிரேம் கடை அண்ணாச்சி ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மரச்சட்டத்தை விலக்கினார். சட்டத்துக்கு அடியில் இத்தனை வருஷம் மறைந்திருந்த ஓரத்தில், வெயில் படாததால் நிறம் மங்காமல், ஒரு கையெழுத்து இருந்தது. கொண்டையராஜு. அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இவரையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருக்கேனா?" என்று கேட்டார். கண்காட்சிக்கு என்ன பெயர் வைப்பது என்று அதுவரை குழம்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்விக்குப் பிறகு யோசிக்கவே இல்லை: 'ஓரத்தில் இருக்கும் பெயர்'.

சி. கொண்டையராஜு 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, அப்புறம் நாடகக் கம்பெனிக்கு சீன் வரையப் போனவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது, அவர் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ அப்படித்தான் பிறந்தது. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று அவரிடம் கற்றவர்களும் வரைய, இங்கே வரைந்த சாமிகள் சிவகாசியில் அச்சாகி ஊரெல்லாம் போயின. படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. சாமிக்குப் பின்னால் நிற்கும் தூண், வளைவு, மடித்துக் கட்டிய திரை எல்லாம் நாடக மேடையிலிருந்து வந்தவை. அந்தக் கை சீன் வரைந்து பழகிய கை. 1976-ல் அவர் மறைந்தார். கனடாவிலிருந்து ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் வந்து அவரைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். அதே படத்தைத் தினமும் கும்பிட்ட நமக்கு மட்டும் அவர் பெயர் தெரியாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காலண்டர் என்றால் மலிவு, மலிவானது கலை ஆகாது என்ற நினைப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், யாரும் கூப்பிடாமலே நாலு நாள் பஸ் ஏறி வந்தார். பள்ளிப் பிள்ளைகள் கையில் லென்ஸைக் கொடுத்து, முருகனின் கன்னத்தில் மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்புப் புள்ளிகளைக் காட்டினார்; அச்சில் எல்லா நிறமும் இந்தப் புள்ளிகள் சேர்ந்துதான் வருகிறது. ஒரு பையன் லென்ஸை விலக்குவதும் மறுபடி வைப்பதுமாக அரைமணி நேரம் அங்கேயே நின்றான். ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

முதலில் தருவதாகச் சொன்ன மண்டபம் கடைசி வாரத்தில் கைவிட்டுப் போனது. அப்போது, "எங்க குடோனைக் காலி பண்ணித் தர்றேன், படத்தை அங்க வை" என்று சொன்ன கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சியை மறக்க மாட்டேன். கடைசியில் எங்கள் அறையிலேயே நெருக்கி மாட்டிவிட்டோம். ஆனால் அந்த ராத்திரி நான் தூங்கியது அவர் வார்த்தையால்தான். விளக்குகளைக் கட்டித் தந்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும், பெயர்ப் பலகை எழுதிய ஓவிய ஆசிரியருக்கும், தினமும் டீ அனுப்பிய பக்கத்துக் கடைக்கும் நன்றி.

நாற்பத்து மூன்றில் பத்தொன்பது படங்களில்தான் கையெழுத்து கிடைத்தது. மற்றவற்றில் பிரேம் போடும்போதே ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். அவற்றுக்குக் கீழே பெயர் எழுதும் இடத்தை காலியாகவே விட்டோம். "இது எங்க சித்தப்பா வரைஞ்சது" என்று சொல்லிக்கொண்டு மூன்று குடும்பங்கள் வந்தன. அவர்கள் வீட்டில் இருக்கும் பென்சில் கோட்டுப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றால் பெயரை எழுதுவோம்.

படங்களை இந்த வாரமே அவரவர் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம். அக்காவின் மீனாட்சி கல்யாணம் முதலில் போகிறது, வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவதற்குள். கையெழுத்து வெளியே தெரியும்படி பிரேம் கடை அண்ணாச்சி புதுச் சட்டம் போட்டிருக்கிறார். காசு வாங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய காலண்டர் படம் இருந்தால் தயவுசெய்து நீங்களாகப் பிரிக்க வேண்டாம், கண்ணாடியோடு தாள் ஒட்டியிருக்கும். அப்படியே கொண்டுவாருங்கள்.